மாவுக்கட்டு அவிழ்ந்த பின்னர்

விபத்திலே கால் முறிந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில், மாவுக்கட்டு அவிழ்க்கப்படும் நாளை எவ்வளவு ஆவலுடன் எதிர்பார்த்திருப்பர் என்பதை அனுபவித்தவர்களே நன்கு அறிவர். நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமிட்டு வைத்திருப்பர். கோயிலுக்கு அருச்சனை நேர்ந்திருப்பர். அந்த நாள் வந்துவிட்டால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்பதே அவர்களின் நம்பிக்கை.

அத்தகைய ஒரு வீட்டை நாம் மனக்கண்முன் கொண்டு வருவோம். குடும்பத் தலைவர் ஓர் ஆசிரியர். மழை பெய்த ஒரு மாலை வேளையிலே காரோட்டி வரும்போது, எதிரே வந்த லொறியுடன் மோதாதிருக்கும் பொருட்டுத் தம் பலம் முழுவதையும் கூட்டிப் பிரேக்கை மிதிக்கிறார். மோதல் நிகழ்ந்தே விடுகிறது. ஆசனப்பட்டி அணிந்திருந்தமையால் தலைக்கும் மார்புக்கும் சேதமில்லை, உயிர் பிழைத்தார். ஆயின் பிரேக்கை மிதித்த வலது கணுக்கால் முறிந்துவிட்டது. வைத்தியசாலையிலே சத்திர சிகிச்சை. அதன்பின் ஆறு வாரங்கள் மாவுக்கட்டு.

கட்டு அவிழ்ந்த அன்று குடும்பத்தினர் காண்பது யாது? மற்றைக் காலினும் மெலிந்து, தோல் உரிந்து, மரக்கட்டை போல் மடங்காது நிற்கும் ஒரு காலையே காண்கின்றனர். ஆசிரியர் அதனை நிலத்தில் ஊன்றுகிறார். வலி சுரீரென்று ஏறுகிறது. மறுபடியும் கதிரையிலே அமர்ந்து விடுகிறார். மகள் ஓடி வருகிறாள். "அப்பா, நீங்கள் எழும்பாதையுங்கோ. என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்கிறாள்.

அன்பு மிகுந்த வார்த்தை! ஆயினும், அந்த வார்த்தை நாள்தோறும் தொடர்ந்து சொல்லப்படுமானால், விபத்து செய்யாத கேட்டை அது செய்துவிடக் கூடும். எலும்பு பொருந்துவது வேறு. நடை திரும்புவது வேறு. முன்னையதைப் பெரும்பாலும் இயற்கையும் வைத்தியரும் செய்து முடிப்பர். பின்னையதை நோயாளியே, குடும்பத்தாரின் துணையோடு, நாள்தோறும் உழைத்துப் பெற வேண்டும். இந்த உண்மையை அறியாமையால், எலும்பு நன்கு பொருந்திய பின்னரும் ஆயுள் முழுவதும் நொண்டி நடப்போர் உளர்.

கணுக்காலின் அமைப்பு

நம் உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் கணுக்கால் மூட்டு அளவிற் சிறியது. முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு எலும்புகளின் முனைகள், ஒரு கவ்வியின் இரு தாடைகளைப் போல் உள்ளும் புறமும் புடைத்து நிற்கின்றன. காலின் இருபுறமும் குமிழ்போல் நாம் தொட்டுணர்வன இவையே. இவற்றினிடையே பாதத்தின் மேலெலும்பு பொருந்தி மேலுங் கீழும் அசைகின்றது. இவை யாவற்றையும் உறுதியான இணைப்பு நார்கள் பிணைத்து வைத்திருக்கின்றன.

வீதியிலே கால் தடுக்கி ஏற்படும் சுளுக்கில் பெரும்பாலும் வெளிப்புற நார்களே இழுபடும் அல்லது கிழியும். மோட்டார் விபத்தின் தன்மை வேறு. மோதும் கணத்தில் சாரதியின் பாதம் பிரேக்கின் மேல் விறைத்து நிற்கிறது. காரின் முன்பகுதி நசுங்கி உள்ளே தள்ளப்படும்போது, அந்த விசை பாதத்தின் வழியே நேராக மேலேறி எலும்புகளை நொறுக்குகின்றது. ஆசனப்பட்டியும் காற்றுப் பையும் உடலின் மேற்பகுதியைக் காக்கின்றன. கீழே நிற்கும் பாதங்களை அவ்வளவாகக் காப்பதில்லை. உயிர் தப்புவோர் தொகை பெருகியதால், கால் காயங்களோடு வீடு திரும்புவோரைப் பற்றிய கவலையும் வைத்திய உலகிலே பெருகியிருக்கிறது. மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் செல்வோருக்கோ, பாதத்துக்குக் கவசமென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

முதல் மணித்தியாலங்கள்

விபத்து நேர்ந்த இடத்திலே செய்ய வேண்டியது சிறிதே. செய்யக் கூடாதது பெரிது. காலை இழுத்து நிமிர்த்த முயலுதல், எண்ணெய் பூசி உருவுதல், நடந்து பார்க்கும்படி வற்புறுத்துதல் ஆகியன கூடா. காலை இருந்தவாறே தலையணை அல்லது மடித்த துணியால் அணைத்து அசையாமல் வைத்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருந்தாலும், விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்திருந்தாலும், உணர்ச்சி அற்றிருந்தாலும் ஒரு கணமேனும் தாமதித்தல் ஆகாது.

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 1756ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் பழைய கெண்ட் வீதியிலே, பேர்சிவல் பொட் என்னும் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக் கொண்டார். எலும்பு வெளிவந்துவிட்டது. கூடியவர்கள் அவரைத் தூக்க முற்பட்டபோது அவர் இடங்கொடுக்கவில்லை. குளிரிலே நிலத்திற் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்குவித்து, பல்லக்குத் தூக்குவோரின் தண்டுகளை அதிலே பொருத்தச் செய்து, அதன்மேல் அசையாது படுத்தபடி வீடு சேர்ந்தார். காலைத் துண்டிப்பதற்கு ஆயுதங்களும் ஆயத்தமாகிவிட்டன. அவ்வேளையில் வந்து சேர்ந்த அவருடைய ஆசிரியர் எட்வேட் நூர்ஸ், காலைக் காப்பாற்றலாம் என்றார். கால் தப்பியது. பிற்காலத்தில் முறிவுகளைப் பற்றிப் பொட் எழுதிய நூலிலே விவரித்த கணுக்கால் முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அடிபட்ட காலை அசைக்காமல் எடுத்துச் செல்வதன் அருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம்மவரிற் பலர் இத்தகைய காயங்களுக்கு முறிவு நெரிவு வைத்தியரை நாடுவது வழக்கம். பரம்பரை வைத்தியத்தை இகழ்வது நம் நோக்கமன்று. எனினும் மோட்டார் விபத்திலே பட்ட காயத்தை எக்ஸ்ரே படம் எடுத்துப் பாராமல் கட்டுவது ஆபத்தாகும். கட்டு எவர் போட்டதாயினும், அது அளவுக்கு மேல் இறுகி விரல்கள் நிறம் மாறினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஓய்வு மருந்தா, நோயா?

முறிந்த எலும்பை அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பண்டைக்கால முதலே அறியப்பட்ட உண்மை. 1851ஆம் ஆண்டில் ஒல்லாந்த இராணுவ வைத்தியர் அந்தோனியஸ் மத்தைசன், சாந்துப் பொடி தடவிய துணியை நீரில் நனைத்துச் சுற்றினால் அது விரைவில் இறுகிக் கல்லைப்போல் ஆகும் என்று கண்டு, இன்றைய மாவுக்கட்டுக்கு வழிகாட்டினார். இலட்சக்கணக்கான கால்களை அது காத்தது. ஆனால் அதனோடு வேறொரு துன்பமும் வந்தது. நெடுநாள் கட்டுக்குள் அடைபட்ட மூட்டு இறுகியது, தசை கரைந்தது, எலும்பும் வலுவிழந்தது.

காரணம் இதுதான். மூட்டின் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அதனுள் இருக்கும் வழுவழுப்பான நீர் உள்ளும் புறமும் ஊறிச் சென்றே அதற்கு ஊட்டமளிக்கின்றது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதே கீழ்க்காலின் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அது ஓய்ந்தால் பாதம் வீங்கும். எலும்பும் தன்மேல் விழும் பாரத்துக்கேற்பவே தன்னை அமைத்துக் கொள்கிறது என்பதை ஜேர்மானிய வைத்தியர் யூலியஸ் வொல்ப் 1892ஆம் ஆண்டில் நூலாக எழுதி விளக்கினார். பாரம் படாத எலும்பு மெலியும்.

1958ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே மோரிஸ் முல்லர் முதலிய சத்திர வைத்தியர்கள் ஒரு கூட்டாக இணைந்து, முறிந்த துண்டுகளை உலோகத் தகட்டாலும் திருகாணியாலும் உறுதியாகப் பொருத்தி, மூட்டை விரைவிலே அசைக்கத் தொடங்கும் முறையைப் பரப்பினர். சுளுக்கு விஷயத்திலும் கருத்து மாறியது. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்துதல் என்னும் நான்கையும் சேர்த்து 1978ஆம் ஆண்டில் பிரபலப்படுத்தியவர் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க வைத்தியர். பிற்காலத்தில் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைதலைத் தாமதப்படுத்தக் கூடும் என்று எழுதித் தம் கருத்தைத் திருத்திக் கொண்டார். முதல் நாட்களின் வலியைத் தணிக்கத் துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஓய்வே மருந்து என்று மாதக்கணக்கில் இருந்துவிடுதல் தகாது.

படிப்படியான பயிற்சி

அசைவின் மூலம் உறுப்பின் செயலை மீட்டுத் தரும் இக்கலையை நம் நாட்டில் இயன்மருத்துவம் என்கின்றனர். 1894ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே நான்கு தாதியர் சேர்ந்து அமைத்த ஒரு சிறு சங்கத்திலிருந்து அந்நாட்டில் இத்தொழில் வளர்ந்தது. நம் நாட்டு மாணவர்கள் பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இதனைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். அரசாங்க வைத்தியசாலைகளிலே இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பின்வரும் பயிற்சிகளைப் படிக்கும் வாசகர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். காலில் எப்போது, எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதை முறிவின் தன்மையறிந்த வைத்தியரே கூற வேண்டும். அவருடைய அனுமதியின்றிப் பாரம் வைத்தல் பொருத்திய எலும்பைப் பெயர்த்து விடக்கூடும்.

முதலாம் படி கட்டுக்குள் கால் இருக்கும்போதே தொடங்குகிறது. கால்விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டலாம். படுத்தபடியே முழங்காலை நேராக்கிக் காலை மேலே தூக்கலாம். படுத்திருக்கும் வேளையில் பாதம் இதயத்தினும் உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்கி வைத்தால் வீக்கம் வடியும். கெண்டைக்காலிலே திடீரென வலியும் வீக்கமும் மிகுந்தாலோ, மூச்சுத் திணறினாலோ இரத்தக் கட்டி உண்டாகியிருக்கலாம். உடனே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும்.

இரண்டாம் படி கட்டு அவிழ்ந்த பின்னர் மூட்டின் இறுக்கத்தைத் தளர்த்துவது. கதிரையில் அமர்ந்து பாதத்தை மேலுங் கீழும் அசைத்தல். பின்னர் பெருவிரலை எழுதுகோலாகப் பாவித்து, காற்றிலே அகரம் முதல் ஔகாரம் வரை எழுதுதல். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை விளையாட்டாகவே செய்யலாம். தாத்தா எழுதும் எழுத்து எதுவென்று பேரப்பிள்ளை கண்டுபிடிக்கட்டும்! அதன்பின், காலை நீட்டியமர்ந்து ஒரு துவாயைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி மெல்லத் தம்மை நோக்கி இழுத்தால் கெண்டைத் தசை தளரும். இளஞ்சூடான நீரிலே பாதத்தை வைத்து அசைப்பதும் நலம். ஆனால் நீரிழிவு நோயாளர் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாமாதலின், நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பின்பே காலை வைக்க வேண்டும். புகைத்தல் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

மூன்றாம் படி வலிமை. பாதத்தில் ஒரு றப்பர் பட்டியை மாட்டி நான்கு திசைகளிலும் தள்ளிப் பழகுதல். அமர்ந்தவாறு குதிக்காலை உயர்த்துதல். வைத்தியர் அனுமதித்தபின் மேசையைப் பிடித்து நின்று இரு குதிக்கால்களையும் உயர்த்துதல். இறுதியில் பழுதுற்ற ஒற்றைக் காலால் உயர்த்துதல். நடக்கும்போது ஒற்றை ஊன்றுகோலைப் பழுதுற்ற காலின் பக்கத்தில் அன்று, மற்றைப் பக்கத்துக் கையிலே பிடிக்க வேண்டும். மாடிப்படி ஏறுகையில் நல்ல கால் முன்னே செல்லட்டும். இறங்குகையில் பழுதுற்ற கால் முன்னே செல்லட்டும்.

நான்காம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். அதுவே சமநிலைப் பயிற்சி. கண்ணை மூடியிருந்தாலும் நம் பாதம் எந்த நிலையில் உள்ளதென்று நமக்குத் தெரிகின்றதல்லவா? மூட்டின் நார்களிலே உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் அந்தச் செய்தியை அனுப்புவதே அதற்கு ஒரு முக்கிய காரணம். நார் கிழியும்போது அந்த நரம்புகளும் கெடுகின்றன. அதனாலேயே ஒருமுறை சுளுக்கிய கால் மீண்டும் மீண்டும் பிசகுகிறது என்று பிரித்தானிய வைத்தியர் மைக்கேல் பிரீமனும் அவருடைய துணைவர்களும் 1965ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். ஆடும் பலகையின்மேல் நின்று பழகியவர்களுக்கு இக்குறை குறைந்தது. வீட்டிலே பலகை வேண்டுவதில்லை. சுவரின் அருகில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகலாம். அது எளிதானால் கண்ணை மூடி நிற்கலாம். பின்னர் மடித்த பாயின் மீது நிற்கலாம். ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம்.

பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது இயல்பே. அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. மறுநாட் காலையில் வலியும் வீக்கமும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் பயிற்சி அளவானது. அவை மிகுந்தேயிருந்தால் நேற்றைய பயிற்சி மிகையானது. சற்றுக் குறைக்க வேண்டும். வலிக்கு அஞ்சி முற்றாக நிறுத்துவதும், வீரங்காட்டி வலியை மிதித்துச் செல்வதும் ஒருங்கே பிழையாகும்.

நம் வாழ்க்கை முறையும் கணுக்காலும்

மேல்நாட்டார் கதிரையிலும் மேசையிலுமே வாழ்பவர். நாமோ நிலத்தில் சப்பணமிட்டு அமர்கிறோம். குந்தியிருந்து அடுப்பூதுகிறோம், மீன் வெட்டுகிறோம், கன்று நடுகிறோம். பல வீடுகளிலே குந்தியிருக்கும் மலசலகூடமே இன்றும் உள்ளது. குந்தியிருப்பதற்குக் கணுக்கால் முன்நோக்கி நன்கு மடங்க வேண்டும். நேர்நிலத்தில் நடக்கத் தேவையான மடிப்பு அதனினும் குறைவே. ஆகவே "நடக்கிறார், போதும்" என்று சிகிச்சையை நிறுத்திவிட்டால், நம்மவருக்கு அரைக் குணமே கிட்டும்.

இதனை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பெருவிரல் சுவரிலிருந்து ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும்படி பாதத்தை வைத்து, குதிக்கால் நிலத்தை விட்டு எழாமல் முழங்காலாற் சுவரைத் தொட முயல வேண்டும். நல்ல கால் எவ்வளவு தூரத்திலிருந்து தொடுகிறதோ அதுவே பழுதுற்ற காலின் இலக்கு. வாரந்தோறும் சுவரடியில் ஒரு கோடிட்டு வந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்; சோர்ந்த மனத்துக்கு அதுவே நல்ல மருந்து.

மீண்டும் காரோட்டுவது எப்போது என்னும் கேள்வியும் எழும். வலது கணுக்கால் முறிந்து சத்திர சிகிச்சை பெற்றவர்களுக்கு, பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரம் வழமை நிலைக்குத் திரும்பச் சத்திர சிகிச்சையிலிருந்து ஒன்பது வாரங்கள் ஆயின என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. எல்லோருக்கும் அதே கணக்கென்று கொள்ளல் ஆகாது. ஆபத்து வேளையில் தயங்காது முழுப் பலத்தோடு மிதிக்க முடியுமா என்பதே கேள்வி. அதற்கு வைத்தியரின் சொல்லே விடை. கால் தேறிய பின்னரும் விபத்து நடந்த வீதியை அணுகும்போது நெஞ்சு படபடப்பவர் உளர். அதனைக் கோழைத்தனம் என்று நகையாடாமல், முதலில் பக்கத்து ஆசனத்தில் அமர்த்தி அழைத்துச் சென்று பழக்குவதே குடும்பத்தினர் செய்யத்தக்கது. அச்சம் நீங்காவிடின் வைத்தியரிடம் அதனையும் கூற வேண்டும்.

குடும்பத்தினரின் பங்கு

முறிந்த எலும்பு பொருந்தப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். மாலையில் தோன்றும் வீக்கம் பல மாதங்கள் நீடிக்கலாம். கால் முன்போலாக ஓராண்டுங்கூட ஆகலாம். இந்தக் கணக்கை முன்கூட்டியே அறிந்திருந்தால், மூன்றாம் மாதத்தில் "இனி இந்தக் கால் இவ்வளவுதான்" என்று மனமுடைந்து போகும் நிலை வராது. உழைப்பாளி வீட்டிலிருக்கும் காலத்தில் வருமானம் குறையும். வைத்தியசாலைக்குப் போய்வரப் பஸ் செலவும் உண்டு. இவ்விரண்டு காரணங்களாலுமே பலர் இரண்டு மூன்று தவணைகளோடு நின்று விடுகின்றனர். தொடர்ந்து செல்ல இயலாதவர்கள் தம் நிலையை இயன்மருத்துவரிடம் மறைக்காது சொன்னால், வீட்டிலே செய்யத்தக்க பயிற்சிகளை அவர் எழுதிக் கொடுப்பார். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையிலே வீட்டில் செய்யும் பயிற்சியே பெரும் பயன் தருவது.

இனி நம் ஆசிரியர் வீட்டுக்குத் திரும்புவோம். வைத்தியர் பாரம் வைக்க அனுமதித்துவிட்டார். மனைவியார் தேநீரைக் கதிரைக்குக் கொண்டு வந்து கொடுக்காமல், விறாந்தையில் உள்ள மேசைமேல் வைத்து, "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறப் போகுது, வாருங்கோ" என்று அழைக்கிறார். ஆசிரியர் ஊன்றுகோலை எடுத்து மெல்ல எழுகிறார். மகள் எடுத்துக் கொடுக்க ஓடவில்லை. விழாமற் பார்த்துக்கொள்ள அருகே நடக்கிறாள். இந்த வாரம் விறாந்தை. அடுத்த வாரம் கிணற்றடி. அதற்கடுத்த வாரம் படலை. பின்னர் ஒழுங்கை முனை. பார்ப்பவர்கள் "என்ன, வருத்தக்காரரை நடக்க விட்டிருக்கிறார்களே!" என்று குறை சொல்லவுங்கூடும். சொல்லட்டும்.

நோயாளிக்காக எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது எளிது. அவர் தாமே செய்யும்வரை பக்கத்தில் பொறுமையுடன் நிற்பது கடினம். விபத்திலே அடிபட்ட காலுக்கு உண்மையில் உதவுவது அந்தக் கடினமான அன்பேயாகும்.